பிள்ளையோடு யார் இருக்கிறார்? – இந்த விடுமுறையில் வாசித்த சில விடயங்கள்



பாடசாலை விடுமுறை வந்தால், "பிறகு வாசிப்போம்" என்று சேமித்து வைத்தவற்றை இரவில் உட்கார்ந்து வாசித்து முடிப்பதும், அதில் ஊருக்குப் பயன்படும் என்று படுவதைத் தொகுத்து இங்கே எழுதுவதும் எமது வழக்கம். வழமையாக வாசிப்பவர்களுக்கு இது தெரியும். உலக விடயம் கொஞ்சம், குடும்ப விடயம் கொஞ்சம். வட்ஸ்அப்பில் சுற்றும் "உடனே எல்லோருக்கும் பகிருங்கள்" வகையறாக்களுக்கு இதில் இடமில்லை.

இம்முறை ஒரு அவசரமும் சேர்ந்திருக்கிறது. சாதாரண தரப் பிள்ளைகளுக்கு மஃரிபுக்குப் பின் தொடங்கி இரவு 10 மணி வரை மேலதிக வகுப்பு நடத்துவது பற்றிப் பேச நமது ஊரில் பெற்றோர் கூட்டம் ஒன்று வரவிருக்கிறது. நல்ல எண்ணத்தில்தான் கேட்கிறார்கள். ஆனால் நாம் வாசித்தவை எல்லாம் வேறு வேறு நாட்டுக் கதைகளாக இருந்தும், ஒரே கேள்வியைத்தான் நம்மிடம் கேட்டன. அந்தக் கேள்வியோடு கூட்டத்துக்குப் போனால் நல்லது என்று நினைத்து எழுதுகிறோம். சற்று நீளம்தான், பொறுமையாக வாசியுங்கள்.

1) அவுஸ்திரேலியாவின் 16 வயதுச் சட்டம்

16 வயதுக்குக் குறைந்தவர்கள் சமூக ஊடகங்களில் கணக்கு வைத்திருக்க முடியாது என்று அவுஸ்திரேலியப் பாராளுமன்றம் 2024 நவம்பர் இறுதியில் சட்டம் நிறைவேற்றியது. 2025 டிசம்பர் 10 ஆம் திகதி அது நடைமுறைக்கு வந்தது. பேஸ்புக், இன்ஸ்டகிராம், டிக்டொக், ஸ்னப்சட், யூடியூப் எல்லாம் அதற்குள் அடங்கும்.

இந்தச் சட்டத்தில் எமக்குப் பிடித்த விடயம் ஒன்று உண்டு. விதி மீறப்பட்டால் தண்டனை பிள்ளைக்குமில்லை, பெற்றோருக்குமில்லை. கணக்கைத் தடுக்கத் தவறிய கம்பனிக்குத்தான் தண்டம், அதுவும் 4 கோடி 95 இலட்சம் அவுஸ்திரேலிய டொலர் வரை. "உங்கள் பிள்ளையை நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்" என்று இவ்வளவு காலமும் உம்மா வாப்பாவின் தலையில் கட்டிய சுமையில் ஒரு பகுதியை, அதில் இலாபம் பார்க்கிறவர்களின் தலைக்கு மாற்றியிருக்கிறார்கள்.

இதற்கு எதிரான வாதங்களும் வாசித்தோம். பிள்ளைகள் வயதை மாற்றிப் போட்டு உள்ளே போகிறார்கள், தனிமையில் இருக்கும் பிள்ளைக்கு இருந்த ஒரே தொடர்பையும் அறுக்கிறீர்கள், வயதை உறுதி செய்வதென்றால் எல்லோருடைய தனிப்பட்ட தகவலையும் கம்பனியிடம் கொடுக்க வேண்டிவரும் என்று சொல்கிறார்கள். எல்லாவற்றிலும் நியாயம் இருக்கிறது.

பாடசாலைக்குள் போனைத் தடுப்பது இதைவிடப் பழைய கதை. பிரான்ஸ் 2018 இலேயே 15 வயது வரையான மாணவர்களுக்கு அதைச் சட்டமாக்கியது. 2023 இல் யுனெஸ்கோ வெளியிட்ட அறிக்கையில் நான்கில் ஒரு நாட்டுக்கும் குறைவாகத்தான் அப்படித் தடுத்திருந்தன. அதன் பின் வரிசை நீண்டு கொண்டே போகிறது. தென் கொரியாவும் 2025 ஓகஸ்டில் வகுப்பறையில் போனைத் தடுக்கும் சட்டத்தை நிறைவேற்றியது.

சரி, நமது ஊருக்கு வருவோம். போனைப் பறித்த பின் அந்தப் பிள்ளையின் கையில் என்ன கொடுக்கப் போகிறோம்? முன்பு அஸருக்குப் பின் விளையாட வெட்டை இருந்தது. இப்போது பாதி வெட்டையில் வீடு, மீதி வெட்டையில் மதில். வீட்டுக்குள் இருக்கும் பிள்ளைக்குப் பேச்சுத் துணை வேண்டும். சட்டம் போட்டு ஒரு கணக்கை மூடலாம். பேச்சுத் துணையைச் சட்டம் போட்டுக் கொண்டுவர முடியாது.

2) தென் கொரியாவின் டியூஷன்

நம்மவர்கள் கொரியாவுக்கு வேலைக்குப் போக மொழிப் பரீட்சை எழுதுகிறார்கள். அந்த நாட்டைப் பற்றி நாம் அறிந்தது சம்பளமும் குளிரும்தான். அங்குள்ள பிள்ளைகளைப் பற்றி வாசித்தபோது நமது சந்தியில் நிற்பது போல இருந்தது.

அங்கே டியூஷன் நிலையத்துக்கு "ஹாக்வொன்" என்று பெயர். 2024 ஆம் ஆண்டின் அரசாங்கக் கணக்குப்படி பாடசாலைப் பிள்ளைகளில் நூற்றுக்கு 80 பேர் தனியார் வகுப்புக்குப் போகிறார்கள். அந்த ஒரு வருடத்தில் பெற்றோர் அதற்குச் செலவழித்தது 29 இலட்சம் கோடி வொன்னுக்கும் அதிகம். சோல் நகரில் இரவு 10 மணிக்குப் பின் வகுப்பு நடத்தக் கூடாது என்று விதி போட வேண்டி வந்தது. பெரியவர்களாகப் பார்த்து நிறுத்திக்கொள்ளவில்லை என்பதால்தான் விதி வந்தது.

அதே நாட்டில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. சனத்தொகை குறையாமல் இருக்க ஒரு பெண்ணுக்கு சராசரியாக 2.1 பிள்ளைகள் பிறக்க வேண்டும். கொரியாவில் அது 2023 இல் 0.72. உலகிலேயே மிகக் குறைந்த அளவுகளில் ஒன்று. 2024 இல் 0.75 ஆகச் சற்று உயர்ந்ததே அங்கு பெரிய செய்தியாகிவிட்டது. வீட்டு விலை, வேலை நேரம், பெண்கள் மீதான சுமை என்று காரணங்கள் பல. அவற்றோடு பிள்ளையைப் படிப்பிக்கும் செலவையும் ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். ஒரு பிள்ளையை வளர்ப்பது என்றால் பத்து வருடம் வகுப்புக் கட்டணம் கட்டுவது என்று ஆகிவிட்டால், இளம் தம்பதியர் பயந்துதான் போவார்கள்.

சீனா வேறு வழியில் போனது. 2021 ஜூலையில், பாடசாலைப் பாடங்களுக்கு இலாப நோக்கில் டியூஷன் நடத்துவதையே தடை செய்தது. பெரிய கம்பனிகள் சரிந்தன. ஆனால் வகுப்புகள் ஒளிந்து நடக்கத் தொடங்கின, வசதியுள்ளவர்கள் வீட்டுக்கே ஆசிரியரை அழைத்துக் கட்டணம் கொடுத்தார்கள். போட்டிப் பரீட்சை அப்படியே இருக்க வகுப்பை மட்டும் மூடினால், கதவு மூடப்படும், யன்னல் திறக்கும்.

நாமும் இதே பாதையில்தான் இருக்கிறோம். தரம் 3 இலேயே புலமைப்பரிசிலுக்கு வகுப்பு. ஞாயிறு காலையில் புத்தகப் பையோடு நடக்கும் எட்டு வயதுப் பிள்ளையைப் பார்த்து நமக்கு இப்போது ஆச்சரியமே வருவதில்லை. முதல் பாடவேளையில் மேசையில் தலை வைத்துத் தூங்கும் பிள்ளைகளை எழுப்புவது ஆசிரியர்களுக்கு அன்றாட வேலை. கேட்டால், "சேர், நேற்று வகுப்பு முடிய லேட்டாயிட்டு" என்பார்கள். இரவில் படித்ததைக் காலையில் தூங்கி ஈடுசெய்கிறார்கள். காலையில் விட்டதை இரவில் படிக்கிறார்கள். இந்தச் சக்கரத்துக்கு நாம் இன்னும் மூன்று மணித்தியாலத்தைச் சேர்க்கப் போகிறோமா என்பதுதான் கூட்டத்தின் கேள்வி.

3) ஸ்வீடனின் உம்மும்மாமார்

இம்முறை வாசித்ததில் மனதில் நின்றது இதுதான்.

ஸ்வீடனில் ஒரு பிள்ளை பிறந்தால் பெற்றோருக்கு மொத்தம் 480 நாட்கள் கொடுப்பனவுடன் கூடிய விடுமுறை உண்டு. இது பல வருடங்களாக இருப்பது. 2024 ஜூலை 1 ஆம் திகதி முதல் அதில் ஒரு மாற்றம் வந்தது. தாயும் தகப்பனும் தங்கள் நாட்களில் ஒவ்வொருவரும் 45 நாட்கள் வரை இன்னொருவருக்குக் கொடுக்கலாம். தனியாகப் பிள்ளை வளர்ப்பவர் என்றால் 90 நாட்கள். அந்த இன்னொருவர் பிள்ளையின் பாட்டன், பாட்டியாக இருக்கலாம். பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருக்கும் பாட்டிக்கு அரசாங்கம் பணம் கொடுக்கிறது!

இதை வாசித்ததும் நமது உம்மும்மாமாரும் வாப்பும்மாமாரும் கண் முன்னே வந்தார்கள். மகள் சவூதியில், மருமகன் கத்தாரில், மூன்று பேரப்பிள்ளைகள் இவரிடம். விடியற்காலையில் எழுப்பி, ரொட்டி சுட்டுக் கொடுத்து, சீருடை போட்டு அனுப்பி, பத்து மணிக்கு கிளினிக்குக்குப் போய் தனது பிரஷர் மாத்திரையையும் எடுத்துக்கொண்டு, பிள்ளை வருமுன் ஓடி வந்து உலை வைப்பார். அவருக்கு நாளும் இல்லை, கொடுப்பனவும் இல்லை. ஸ்வீடன் பணக்கார நாடு, நம்மால் அப்படிக் கொடுக்க முடியாது, உண்மைதான். ஆனால் ஒரு நன்றிச் சொல்லுக்குக் காசு தேவையில்லை. பெற்றோர் கூட்டத்துக்கு அவர் வந்தால், "ஏன், பிள்ளையின் உம்மா வரவில்லையா?" என்று எல்லோர் முன்னும் கேட்கிறோம். அடுத்த கூட்டத்துக்கு அவர் வருவதில்லை. பிறகு, "அந்த வீட்டில் பிள்ளையைப் பார்க்க ஆளில்லை" என்று நாமே சொல்லிக்கொள்கிறோம்.

2024 குடிசனத் தொகைக் கணக்கெடுப்பின்படி நமது நாட்டில் 65 வயதைக் கடந்தவர்கள் நூற்றுக்கு 12 பேருக்கும் அதிகம். பிள்ளைகளைப் பார்க்கும் இந்தக் கைகளும் தளர்ந்துகொண்டு போகின்றன என்பதை மறந்துவிடக் கூடாது.

4) கடல் கடந்து போகிறவர்கள்

2024 இல் 3 இலட்சத்துக்கும் அதிகமானோர் வேலைக்காக இலங்கையை விட்டுப் போயிருக்கிறார்கள். அவ்வருடம் வெளிநாட்டில் உழைப்பவர்கள் அனுப்பிய பணம் 650 கோடி டொலருக்கும் அதிகம். 2022 இல் எரிபொருளுக்கு வரிசையில் நின்றதை நாம் மறக்கவில்லை. நாடு அந்த நிலையிலிருந்து எழுந்ததில் இந்தப் பணத்துக்குப் பெரும் பங்குண்டு.

இந்தப் பின்னணியில் குடும்பப் பின்னணி அறிக்கை பற்றிய கட்டுரைகளைத் திரும்ப வாசித்தோம். 2013 இல் கொண்டுவரப்பட்டது. வீட்டு வேலைக்குப் போக விரும்பும் பெண், தன் பிள்ளைகளை யார் பார்ப்பார்கள் என்பதைக் காட்டி அதிகாரிகளிடம் அறிக்கை பெற வேண்டும். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்தால் போக முடியாது. 2022 நெருக்கடியோடு அந்த விதிகள் தளர்த்தப்பட்டன.

விதியின் நோக்கம் பிள்ளையின் நலன் என்றார்கள். ஆனால் அதே வீட்டிலிருந்து வாப்பா வெளிநாட்டுக்குப் போகும்போது, "உங்கள் பிள்ளையை யார் பார்ப்பார்கள்?" என்று யாரும் ஓர் அறிக்கை கேட்கவில்லை. அனுமதி கிடைக்காத சில பெண்கள் சுற்றுலா விசாவில் போனார்கள். அங்கே ஏதும் நடந்தால் கேட்க ஆளில்லாமல் நின்றார்கள்.

நமது ஊர்ப் பேச்சும் அந்த விதியைப் போலத்தான். உம்மா வெளிநாட்டில் என்றால் பிள்ளையின் ஒவ்வொரு குறும்புக்கும் அதுதான் காரணம். வாப்பா பத்து வருடமாக வெளிநாட்டில் என்றால் அது தியாகம். இரண்டும் தியாகம்தான். இரண்டிலும் பிள்ளைக்கு ஓர் இழப்பு உண்டு. உம்மா போய்விட்டார் என்று குறை பேசுவதால் எந்தப் பிள்ளைக்கும் ஒரு நேரச் சோறு கூடக் கிடைக்கப் போவதில்லை. போனவர் போன பின், பிள்ளையோடு இருப்பவர் யார், அவருக்கு நாம் என்ன உதவி செய்கிறோம் என்று கேட்பதுதான் பயனுள்ள கேள்வி.

5) காஸாவின் பரீட்சை

காஸாவைப் பற்றி வாசிக்காத நாள் இல்லை. துஆக் கேட்காத பள்ளிவாசலும் இல்லை. ஆசிரியர்கள் என்ற முறையில் நாம் இம்முறை கல்வியைப் பற்றித் தேடி வாசித்தோம்.

பலஸ்தீனில் பாடசாலைக் கல்வியின் கடைசிப் பரீட்சை "தவ்ஜீஹி". நமது உயர்தரம் போன்றது. 2024 இல் காஸாவின் சுமார் 39,000 மாணவர்களால் அந்தப் பரீட்சைக்கே தோற்ற முடியாமல் போனது. 2025 ஜூலையில் சுமார் 1,500 மாணவர்கள் இணையவழியில் ஒரு பரீட்சை எழுதினார்கள். மின்சாரமும் சிக்னலும் எங்கே கிடைக்கும் என்று தேடிப் போய், கூடாரத்திலும் கடையிலும் உட்கார்ந்து எழுதினார்கள். வீடு இழந்த ஆசிரியர்கள், கூடாரத்துக்குள் பிள்ளைகளை வட்டமாக இருத்திப் படிப்பிக்கும் செய்திகளும் படங்களும் நிறைய வந்தன.

அங்குள்ள வைத்தியர்கள் ஒரு புதிய குறியீட்டை உருவாக்க வேண்டி வந்தது. காயப்பட்ட பிள்ளை, குடும்பத்தில் உயிருடன் எவருமில்லை என்பதை ஐந்து எழுத்தில் சுருக்கி எழுதுவார்கள். ஒரு வைத்தியசாலைப் பதிவுக்கு இப்படி ஒரு சொல் தேவைப்பட்டது என்பதை வாசித்த இரவு தூக்கம் வரவில்லை.

நமது சின்னப் பிரச்சினையை காஸாவோடு ஒப்பிடுவது சரியில்லை, ஒப்பிடவும் இல்லை. ஆனால் ஒன்றைக் கவனித்தோம். கூரை இல்லை, கரும்பலகை இல்லை, பாடப்புத்தகம் இல்லை. அந்த நிலையிலும் ஒரு பெரியவர் பிள்ளைகளுக்கு நடுவில் வந்து உட்கார்ந்திருக்கிறார். அங்கே அதற்குத்தான் பாடசாலை என்று பெயர். நமக்குக் கட்டடம் இருக்கிறது, மின்விசிறி இருக்கிறது, திரையில் படம் காட்டும் கருவியும் இருக்கிறது. பிள்ளையின் பக்கத்தில் உட்காரும் பெரியவரைத்தான் தேட வேண்டியிருக்கிறது.

6) களைத்துப் போன பெற்றோர்

கடைசியாக ஒன்று. ஐக்கிய அமெரிக்காவின் தலைமை மருத்துவ அதிகாரியாக இருந்த விவேக் மூர்த்தி, 2024 ஓகஸ்டில் ஓர் அறிவுறுத்தல் வெளியிட்டார். புகைத்தல் போன்ற விடயங்களுக்கு எச்சரிக்கை விடும் பதவி அது. அந்தப் பதவியிலிருந்து பெற்றோரின் மனச்சுமையைப் பற்றி எழுதினார். பெரும்பாலான நாட்களில் தாங்க முடியாத அளவு மனஅழுத்தம் இருப்பதாகச் சொன்ன பெற்றோர் நூற்றுக்கு 48 பேர். ஏனைய பெரியவர்களில் 26 பேர்.

2025 ஜூன் மாத இறுதியில் உலக சுகாதார நிறுவனம் தனிமை பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. உலகில் ஆறு பேரில் ஒருவர் தனிமையால் பாதிக்கப்படுகிறார் என்கிறது. வயதானவர்களுக்குத்தான் தனிமை என்று நினைப்போம். இளைஞர்களிடமும் அது அதிகம் என்று அந்த அறிக்கை சொல்கிறது.

நம்மிடம் "குடும்பம், ஜமாஅத், சொந்தம்" எல்லாம் இருக்கிறது, இது மேற்கு நாட்டுப் பிரச்சினை என்று சொல்லிவிட்டுக் கடந்து போகலாம். ஆனால் நமது வீடுகளில் இரவு ஒன்பது மணிக்கு என்ன நடக்கிறது? வாப்பா கடையிலிருந்து களைத்து வருகிறார். உம்மா அடுப்படியில். பிள்ளை வகுப்பில். வந்த பின் நாலு பேரும் நாலு போனில். ஒரே கூரை, ஒரே கறி, ஆனால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பது சொற்பம்.

கூட்டத்தில் சொல்ல நினைப்பது

இரவு வகுப்பு கேட்பவர்களின் பக்கமும் நியாயம் இருக்கிறது. "வீட்டில் இருந்தால் போன்தான் பார்க்கிறான், வகுப்பில் இருந்தால் ஏதாவது படிப்பான்" என்று உம்மாமார் சொல்கிறார்கள். தனியார் வகுப்புக்குக் கட்டணம் கட்ட முடியாத பிள்ளைக்கு இதுதான் ஒரே வாய்ப்பு என்றும் சொல்கிறார்கள். கணிதத்தில் சித்தி இல்லாமல் ஒரு பிள்ளை உயர்தரத்துக்குப் போக முடியாமல் நிற்கும் கவலை ஆசிரியர்களுக்கும் உண்டு. ஆகவே "வேண்டாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து வர முடியாது.

எமது யோசனை இது.

முதலாவது, மேலதிக வகுப்பை பாடசாலை விட்ட பின் மாலை 3.30 முதல் 5.30 வரை வைப்போம். உண்மையில் உதவி தேவைப்படும் பிள்ளைகளுக்கு, கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலம் என்று தெரிவு செய்து, கட்டணம் இல்லாமல். பரிசளிப்பு விழாவுக்கும் வரவேற்பு வளைவுக்கும் செலவழிக்கும் காசில் ஒரு பகுதியைப் போட்டால் பிள்ளைகளுக்குத் தேநீரும் பணிசும் கொடுக்கலாம். வாகரையும் மூதூரும் வேண்டாம், நமது ஊரிலேயே ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள்! கேட்டால் வருவார்கள்.

இரண்டாவது, மஃரிபுக்குப் பின் வரும் நேரத்தை வீட்டுக்கு விடுவோம். ஒரு வீடு மட்டும் போனை எடுத்து வைத்தால் பிள்ளை சண்டை பிடிக்கும். ஒரு வீதியே எடுத்து வைத்தால் அது வழக்கமாகிவிடும். மஃரிபிலிருந்து இஷா வரை பெரியவர்களின் போனும் சேர்த்து ஒரு பக்கம் வைக்கப்படட்டும். பள்ளி நிருவாகம் இதை ஒரு ஜும்ஆவில் சொன்னால் பாதி வேலை முடியும். தனியார் வகுப்பு நடத்தும் சகோதரர்களும் அந்த நேரத்தை விட்டுக்கொடுக்க வேண்டும்.

மூன்றாவது, பிள்ளையோடு யார் இருக்கிறார் என்ற விபரம் ஒவ்வொரு வகுப்பாசிரியரிடமும் இருக்கட்டும். உம்மும்மா என்றால் உம்மும்மா, ராத்தா என்றால் ராத்தா. பெற்றோர் கூட்டத்துக்கு அவர்களை மரியாதையோடு அழைப்போம். எழுத வாசிக்கத் தெரியாதவர் என்றால் தேர்ச்சி அறிக்கையை வாசித்து விளக்குவோம். கிளினிக் நாளில் கூட்டம் வைக்காமல் இருப்போம். வெளிநாட்டில் இருக்கும் உம்மா வாப்பாவோடு தவணைக்கு ஒரு தடவை வீடியோ அழைப்பில் வகுப்பாசிரியர் பேசட்டும். அதற்குச் செலவு பத்து நிமிடம்தான்.

இதில் எதற்கும் அமைச்சின் சுற்றறிக்கை தேவையில்லை. வெளிநாட்டு நிதியும் தேவையில்லை. நமது அதிபர், ஆசிரியர்கள், பாடசாலை அபிவிருத்திச் சங்கம், பள்ளி நிருவாகம், டியூஷன் ஆசிரியர்கள் ஒரு நாள் ஒரே பாயில் உட்கார்ந்தால் போதும்.

பத்து மணிக்கு வகுப்பு விட்டு, தெருவிளக்கு எரியாத ஒழுங்கையில் நமது பெண் பிள்ளைகள் எப்படி வீடு போவார்கள் என்பதையும் கூட்டத்தில் யாராவது கேட்க வேண்டும். யாரும் கேட்காவிட்டால் நாம் கேட்போம்.

கூட்டத்துக்கு வாருங்கள். வாப்பாமார் அவசியம் வாருங்கள், ஒவ்வொரு முறையும் உம்மாமாரை மட்டும் அனுப்பாதீர்கள். வீட்டில் உம்மும்மா இருந்தால் அவரையும் கூட்டி வாருங்கள். முன் வரிசையில் கதிரை போட்டு வைப்பது எமது பொறுப்பு.

வஸ்ஸலாம்.